‘அன்கூத்’ என்னும் அடைமொழி

ஆங்கில–தமிழ் அகராதிகளிலே ‘அன்கூத்’ என்னும் அடைமொழிக்குப் பண்பற்ற, நயமற்ற, கரடுமுரடான என்பன போன்ற பொருள்கள் காணப்படும். இன்றைய ஆங்கில வழக்கிற்கு இவை பொருந்துவனவே. விருந்தில் ஒழுங்கறியாது உண்பவனையும், அவையில் உரத்த குரலிற் பேசிப் பிறரை முகஞ்சுளிக்க வைப்பவனையும் ஆங்கிலேயர் இச்சொல்லாற் சுட்டுவர். ஆயின் இப்பொருளையே துணையாகக் கொண்டு, ‘சுவர்க்க நீக்கம்’ எனத் தமிழர் அறிந்த மில்ற்றனின் காப்பியத்தைப் பயிலப் புகும் மாணவன் அதன் ஆறாம் பிரிவிலே இடர்ப்படுவான். வானுலகப் போரிலே கபிரியேலோடு பொருத மோலோக் இடைவரை பிளவுண்டு அலறிக்கொண்டு ஓடுகின்றான். அவன் உற்ற நோவுக்கு மில்ற்றன் கொடுக்கும் அடை இச்சொல்லேயாகும். பண்பற்ற நோவு யாது? நயமற்ற நோவு யாது? நோவிலும் நாகரிகமுடையது ஒன்று உண்டோ?

விடை அப்பிரிவிலேயே உள்ளது. மோலோக்கின் தோல்விக்குச் சில அடிகளின் முன்னர், மைக்கேலின் வாள் பட்ட சாத்தான் அப்பொழுதுதான் நோவு என்பதை முதன்முதலாக அறிந்தான் எனக் கவிஞர் கூறியிருக்கின்றார். வானவர்க்கு நோவு அதுகாறும் இல்லாத பொருள். ஆகவே மோலோக் பட்டது அவன் முன் ஒருபோதும் அறிந்திராத நோவு. ‘அறியப்படாத’ என்பதே இங்கு அடைமொழியின் பொருள்; அதுவே அதன் பழம்பொருளுமாகும். மில்ற்றன் சொல்லைப் பிழைபட ஆண்டாரல்லர். அவருக்குப் பின் வந்த வழக்கே அதனை வேறிடத்துக்குக் கொண்டு சென்றது. அறியப்படாதது எவ்வாறு பண்பற்றது ஆயிற்று என்பதே ஆராயற்பாலது.

‘அன்’ என்பது எதிர்மறை முன்னொட்டு. ‘கூத்’ என்பது, அறிதல் எனப் பொருள்படும் ‘குன்னன்’ என்னும் பழைய ஆங்கில வினையினின்றும் பிறந்த எச்சம். ‘அறியப்பட்ட’ என்பது அதன் பொருள். இயலும் என்னும் கருத்தில் இன்று வழங்கும் ‘கான்’ என்னும் துணைவினை அவ்வினையின் வழித்தோன்றலே. உற்றார் உறவினர் என யாம் கூறுவதுபோல ஆங்கிலேயர் கூறும் ‘கித் அண்ட் கின்’ என்னும் தொடரின் முதற்சொல்லும் அக்குடியினதே. ‘கித்’ என்பார் அறிமுகமானோர். இவ்வடி ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதன்று. வடமொழியின் ‘ஜ்ஞா’ என்னும் அடியும், இலத்தீனில் அறியப்படாதவனைக் குறிக்கும் ‘இக்னோத்துஸ்’ என்னும் சொல்லும் இதனோடு ஒரு மூலத்தன என்பது மொழிநூலார் துணிபு. ஆகவே பாண்டவர் விராட நகரிற் கழித்த பதின்மூன்றாம் ஆண்டிற்குரிய ‘அஞ்ஞாதவாசம்’ என்னும் பெயரின் முற்பகுதி, முன்னொட்டாலும் அடியாலும் விகுதியாலும் ‘அன்கூத்’ என்பதற்கு உடன்பிறப்பாகின்றது. வீமன் விராடனின் மடைப்பள்ளியில் இருந்தான். அருச்சுனன் அவன் மகளுக்கு ஆடல் பயிற்றினான். எவரும் அவர்களை இன்னார் என அறிந்திலர். அவ்வறியாமை அவர்க்கு இழுக்காகவில்லை, காவலாயிற்று. ஒரு வயிற்றுப் பிறந்த இரு சொற்களுள் ஒன்று வசையாகித் தேய, மற்றது வசை தீண்டாது நின்றது.

ஒலியிலும் ‘அன்கூத்’ தன் இனத்தோடு ஒட்டாது நிற்கின்றது. பழைய ஆங்கிலத்தில் ‘மூத்’, ‘சூத்’ என ஒலித்த, வாயையும் தெற்கையும் குறிக்கும் சொற்கள் இன்று ‘மவுத்’, ‘சவுத்’ என்றாகிவிட்டன. அம்முறைப்படி இது ‘அன்கவுத்’ என்றாகியிருத்தல் வேண்டும். ஊகாரம் மாறாது நின்றமைக்கு வடபுலத்து வழக்கின் செல்வாக்கே காரணம் என்பர். அயன்மையைக் குறிக்கும் சொல் ஒலியளவிலும் அயலதாய் நிற்பது ஒரு வேடிக்கை.

‘பெயோவுல்ஃப்’ என்னும் பழைய ஆங்கிலக் காப்பியத்தில், கிரெண்டெல் என்னும் அரக்கனின் தாயைத் தேடிச் செல்வோர், ஒருவர் பின் ஒருவராகவே செல்லக்கூடிய ஒடுங்கிய பாதை ஒன்றில் நடக்கின்றனர். அப்பாதைக்கு இவ்வடைமொழி வந்துள்ளது. இசிரவேலர் எகிப்தினின்றும் புறப்பட்ட கதையைக் கூறும் ‘எக்சோடஸ்’ என்னும் பழைய ஆங்கிலச் செய்யுளிலும் அதே அடி சொல் மாறாது காணப்படுகின்றது. முன்னையது அரக்கியின் இருண்ட நீர்நிலைக்கு இட்டுச் செல்லும் வழி. பின்னையது அடிமைத்தளையினின்றும் விடுதலைக்கு இட்டுச் செல்லும் வழி. இரண்டுக்கும் அடை ஒன்றே. வழி நல்லதோ தீயதோ என்பதைச் சொல் கூறவில்லை. நடப்போர் அதனை முன்னறியார் என்பதையே கூறிற்று. எனினும் நட்பற்ற, கடுமையான என்னும் சாயல்கள் பழைய ஆங்கிலத்திலேயே சிற்சில இடங்களில் இச்சொல்லின்மேல் ஏறியிருந்தன என்பதையும் மறைத்தலாகாது. அறியாத வழியிற் செல்பவன் அஞ்சுதல் இயல்பு. அச்சம் வழியின்மேற் பழியாக ஏறுதலும் இயல்பு.

காப்பியங்களினும் சிறந்த சான்று ஒன்று சட்டநூலில் உண்டு. பிராக்டன் பெயரால் வழங்கும் 13ஆம் நூற்றாண்டுச் சட்டநூல் இலத்தீனில் இயன்றது. அதன்கண், பிறர் இல்லத்தில் தங்கும் வழிப்போக்கனைக் குறிக்கும் மூன்று பெயர்கள் மட்டும் ஆங்கிலத்திலேயே விடப்பட்டுள்ளன. முதலிரவில் அவன் ‘அன்கூத்’; இரண்டாமிரவில் விருந்தினன்; மூன்றாமிரவில் அவ்வீட்டின் சொந்த ஆள். மூன்றிரவு தங்கியவன் குற்றம் இழைப்பானாயின், தன் ஏவலாளனுக்குப் பொறுப்பாவதுபோல வீட்டுக்காரன் அவனுக்கும் பொறுப்பாதல் வேண்டும். இவ்விதியில் அடங்கிய நுட்பம் பெரிது. வந்தவன் மூன்று நாளிலும் ஒருவனே. அவன் உடையோ நடையோ பேச்சோ மாறவில்லை. மாறியது வீட்டுக்காரனின் அறிவு ஒன்றே. அடைமொழியும் அதற்கேற்ப ஓரிரவு மட்டும் அவன்மேல் நின்று, மறுநாள் நீங்கிவிடுகின்றது. இன்றைய பொருளில் ‘அன்கூத்’ எனப்படுபவனோ வாழ்நாள் முழுவதும் அவ்வாறே இருப்பான்.

இவ்வேறுபாட்டை இலக்கணத்தால் விளக்குதல் எளிது. பழைய சொல் ஒரு தொடர்பைக் குறித்தது. அறியப்படாதது என்றவுடன் யாருக்கு என்னும் வினா எழும். பழைய ஆங்கிலத்தில் அவ்வினாவிற்கு விடை நான்காம் வேற்றுமையில் வந்து உடன் நிற்றல் வழக்கு. நாளடைவில் ஆங்கிலம் தன் வேற்றுமை உருபுகளைப் பெரும்பாலும் இழந்தது. இச்சொல்லைப் பொறுத்தவரை ‘யாருக்கு’ என்பது உருபளவிற் போனதோடு அமையாது நினைவளவிலும் போயிற்று. இன்னார்க்கு அறியப்படாதவன் என்றிருந்தது வாளா அறியப்படாதவன் என்றாகி, பின்னர் அறியத் தகாதவன் என்றாயிற்று. அறிபவனிடத்துக் குறை அறியப்படு பொருளின் குணமாக இடம்பெயர்ந்தது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே நயமற்ற என்னும் பொருள் ஏடுகளிற் காணப்படுகின்றது. பழைய பொருளும் அற்றுப்போகாது உடன் வழங்கிற்று. இரண்டும் கலந்து வழங்கிய அக்காலத்து இலக்கியமே மாணவனுக்கு மிகுந்த இடர் தருவது.

1579 இல் ‘ஆயர் நாட்காட்டி’ என்னும் நூல் வெளிவந்தபோது அதில் ஸ்பென்சரின் பெயர் இல்லை. இ. கே. என்னும் எழுத்துக்களால் மட்டும் தம்மைக் குறித்துக்கொண்ட உரைகாரர், கேபிரியல் ஹார்விக்கு எழுதும் முகவுரைக் கடிதத்தை இவ்வடைமொழியோடேயே தொடங்குகின்றார். புதிய கவிஞர் உலகத்தார்க்கு அறிமுகமாகாதவர், ஆதலின் நேசிக்கப்படாதவர், அவர் தகுதி அறியப்படின் எல்லோரும் அவரை நேசிப்பர் என்பது அவர் வாதம். அறியப்படாமைக்கும் நேசிக்கப்படாமைக்கும் உள்ள உறவைச் சோசரிடமிருந்து பெற்றதாக அவர் கூறுவர். சோசரின் ‘டிரோயிலஸும் கிரிசெய்டும்’ என்னும் நூலில் அக்கருத்து உண்டு. ஆயின் அங்குச் சோசர் ஆண்டது இதே பொருளுடைய வேறொரு சொல். பெயர் மறைத்த கவிஞர், ஆயர் பாடல், ‘அன்கூத்’ என்னும் அடைமொழி ஆகிய மூன்றும் இவ்வாறு ஒரு நூலின் வாயிலில் ஒருங்கு வந்தமை நினைவிற் கொள்ளற்பாலது. 58 ஆண்டுகளின் பின்னர் மில்ற்றன் அம்மூன்றையும் மீண்டும் ஒன்றுசேர்த்தார்.

1637ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் எட்வேட் கிங் என்னும் கேம்பிரிட்ஜ்க் கல்விமான் ஐரிஷ் கடலில் மூழ்கி இறந்தார். அவர் நினைவாக 1638 இல் வெளிவந்த தொகுதியின் இறுதிப் பாடலே ‘லிசிடஸ்’. அதன் கீழ் ஜே. எம். என்னும் இரண்டு எழுத்துக்களே பொறிக்கப்பட்டிருந்தன. பாட்டு ஓர் ஆயனின் கூற்றாகவே நடந்து, இறுதி எட்டு அடிகளிற் கவிக்கூற்றாக மாறுகின்றது. இதுகாறும் பாடியவன் இன்னான் என அங்குச் சுட்டும்போது அவ்வாயனுக்கு அடையாக வருவது ‘அன்கூத்’. உரைகாரருள் ஒரு சாரார் இதற்கு நாட்டுப்புறத்தானாகிய, கல்வி நயமில்லாத எனப் பொருள் உரைப்பர். மற்றொரு சாரார் அறியப்படாத என்பர். பள்ளிப் பதிப்புக்கள் பல இரண்டையும் அருகருகே அச்சிட்டுவிட்டு, தீர்ப்பை மாணவன் தலையிற் சுமத்திவிடும்.

தீர்ப்புக் கூறுதற்குப் பாட்டினுள்ளேயே போதிய சான்று உண்டு. ‘லிசிடஸ்’ புகழை நிறுத்துப் பார்க்கும் பாட்டு. இன்பம் துறந்து இரவு பகலாகக் கற்றுப் பாடுபவன், புகழ் கைக்கெட்டும் வேளையில் இறந்துபடுவானாயின் அவ்வுழைப்பால் வந்த பயன் யாது என ஆயன் கேட்கின்றான். மெய்ப்புகழ் இம்மண்ணில் முளைப்பதன்று என அதற்கு விடை வருகின்றது. அவ்வாறு புகழைப் பற்றி வழக்காடிய பாட்டு, தன்னைப் பாடியவனை உலகறியாதவன் என அறிமுகஞ் செய்து முடிதல் எத்துணைப் பொருத்தமுடையது! அப்போது மில்ற்றனுக்கு வயது 28. 1637 இல் அச்சேறிய ‘கோமஸ்’ நாடகமும் அவர் பெயரின்றியே வெளிவந்தது. நாட்டுப்புறத்தான் எனப் பொருள் கொள்ளின் இப்பொருத்தம் முழுவதும் அழிந்துபோம். ஆயனுக்குரிய எளிமையின் சாயல் சொல்லின் அடியில் நிற்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் சாயலைப் பொருளாக்கி, பொருளைச் சாயலாக்கி உரை செய்தல் தலைகீழ்ப் பாடமாகும். இத்துணை நுண்ணிதாக யாப்பமைந்த பாட்டைப் பாடியவனைக் கல்வி நயமில்லாதவன் என்பது மாணவனுக்கும் நகைப்பை விளைவிக்கும்.

மில்ற்றனின் பிற இடங்களிலும் பழம்பொருளே தலைமை தாங்குகின்றது. ‘லலேக்ரோ’வில் துயரத்தை விரட்டும் கவிஞர் அது போய் ஒளிதற்கு ஒரு குகையைக் காட்டுகின்றார்; அது மனிதர் அறியாத குகை. காப்பியத்தின் இரண்டாம் பிரிவில் நரகத்தினின்றும் புத்துலகைத் தேடிச் செல்வோன் கடக்கவேண்டியது எவரும் சென்றறியாத வழி. ஐந்தாம் பிரிவிலே ஏவாள் கண்ட கனவை ஆதாம் இச்சொல்லாற் குறிக்கும் இடம் மட்டும் சற்று வேறானது. அங்கே அறிமுகமின்மையோடு ஐயமும் கலந்துள்ளது. தீமையினின்றும் பிறந்ததோ என அஞ்சி, தான் அதனை விரும்பவில்லை என ஆதாம் அதே மூச்சிற் கூறுகின்றான். பொருள் மாறும் தறுவாயில் நிற்கும் சொல்லை அவ்விடத்திற் காணலாம்.

1751 இல் வெளிவந்த தோமஸ் கிரேயின் இடுகாட்டு இரங்கற்பாவில் மாற்றம் முற்றுப்பெற்றுவிடுகின்றது. எளியோர் கல்லறைகளின்மேல் நாட்டப்பெற்ற நினைவுக் கற்களில் உள்ள பாக்களுக்குக் கிரே இவ்வடைமொழியைக் கொடுக்கின்றார். அவற்றை எழுதியவர் கற்றறிந்த புலவரல்லர். ஆகவே அவை திருந்தாத பாக்கள். இங்கு அறியப்படாத எனப் பொருளுரைப்பார் எவருமில்லை. ஆயினும் இவ்விரங்கற்பாவின் பொருள் யாது? பேரும் புகழும் இன்றி மறைந்தோரின் தகுதி. வாய்ப்புக் கிடைத்திருந்தால் அவருள்ளும் ஒரு மில்ற்றன் தோன்றியிருப்பான் என்னும் நினைவு. முடிவில் வரும் கல்லறை வாசகமும் புகழ் அறியாத ஓர் இளைஞனுக்கே உரியது. பழைய ‘அன்கூத்’ கிரேயின் பாட்டு முழுவதிலும் பொருளாய் நிறைந்திருக்க, சொல் மட்டும் அவர்களது பாக்களின்மேல் ஒரு குறையாய் நிற்கின்றது. கிரே இதனை அறிந்தே செய்தார் எனக் கூறுதல் மிகையாகலாம். மொழி அவரை அறியாது செய்தது எனின் மிகையாகாது.

அறியாமை பிறர்மேற் குறையாய் ஏறுதற்கு இலக்கிய வரலாற்றிலேயே பெருஞ்சான்று ஒன்று உண்டு. 1700 இல் தம் ‘பழங்கதைகள்’ என்னும் தொகுதிக்கு எழுதிய முகவுரையில் டிரைடன், சோசரை ஆங்கிலக் கவிதையின் தந்தை எனப் போற்றுகின்றார். எனினும் சோசரின் செய்யுள் இசையமைதி நிரம்பாதது, அடிகள் பல அசை குறைந்தன என்பது அவர் முடிபு. அடிதோறும் பத்து அசை உண்டு எனக் கூறிய பழைய பதிப்பாசிரியரை அவர் எள்ளிவிடுகின்றார். உண்மை யாதெனின், சோசர் காலத்திற் சொல்லிறுதியில் மெலிதாக ஒலிக்கப்பட்ட உயிரொலி பின்னர் வாய்மொழியில் அற்றுப்போயிற்று. எழுத்து நின்றது, ஒலி போயிற்று. அவ்வொலியை விட்டு வாசித்தோர் காதில் அடிகள் நொண்டின. தோமஸ் டிர்விட் 1775 தொடக்கம் வெளியிட்ட பதிப்பில் இதனை விளக்கிய பின்னரே சோசரின் யாப்பு மீண்டும் தன் ஓசையைப் பெற்றது. சோசர் ஒரெழுத்தும் திருத்தப்படவில்லை. வாசிப்போர் அறிந்துகொண்டனர், கரடுமுரடு நீங்கிற்று. டிரைடன் போன்ற செவியுடையார்க்கே இது நேர்ந்ததெனின், பழஞ்செய்யுளை ஒருமுறை வாசித்துவிட்டு ஓசை நயமில்லை என எழுதும் திறனாய்வாளரைப் பற்றிக் கூறவேண்டியதில்லை.

ஸ்கொத்லாந்தில் இச்சொல்லுக்கு வேறு விதி வாய்த்தது. அங்கு ஈறு தேய்ந்து ‘அன்கோ’ என வழங்கிய வடிவம் புதிய, வியத்தகு என்னும் பொருளில் நின்று, பின்னர் மிக என்னும் பொருட்டாய் அமைந்தது. தம்மை மிகமிக நல்லோரெனக் கருதிப் பிறரை இகழ்வோரை றொபேட் பேர்ன்ஸ் தம் பாடலொன்றின் தலைப்பில் இச்சொல்லாற் குத்துகின்றார். அவரே 1786 இல் வெளியிட்ட ‘குடியானவனின் சனியிரவு’ என்னும் பாடலில், வாரமுழுதும் வெளியே வேலைசெய்து வீடு திரும்பிய பிள்ளைகள் தாம் கண்டனவும் கேட்டனவுமாகிய ‘அன்கோ’க்களை ஒருவர்க்கொருவர் சொல்லி மகிழ்கின்றனர். தெரியாதது தெற்கே இழிவாயிற்று. வடக்கே அடுப்பங்கரையில் இருந்து கேட்கத்தக்க புதினமாயிற்று.

தமிழில் இதற்கு இணையாக நினைக்கத்தக்கது ‘வம்பு’ என்னும் சொல். தொல்காப்பிய உரியியல் அதற்கு நிலையின்மைப் பொருள் கூறும். சங்கச் செய்யுளிற் புதுமைப் பொருளும் உண்டு. பாலைப் பாடல்களில் வரும் வம்பலர் ஊருக்குப் புதியராய் வழிச்செல்வோர். ஆறலைப்போரின் அம்புக்கு இலக்காவோர். அவர் தீங்கு செய்தவரல்லர், தீங்கு உற்றவர். இன்றோ வம்பு எனின் வீண்சண்டையும் பொல்லாங்கும் பழிப்பேச்சுமே நினைவுக்கு வரும்; வம்பன் எனின் தீயோன். அகநானூற்றில் மோரியர்க்கு அடையாக வரும் ‘வம்ப’ என்பதற்குப் புதிதாய் வந்த என்பதே போதிய பொருளாகவும், வரலாற்றெழுத்தாளர் சிலர் திடீரென மேலெழுந்த சிறியோர் என்னும் இகழ்ச்சிக் குறிப்புப்பட அதனை ஆங்கிலத்தில் எழுதினர். இரு மொழிச் சொற்களும் ஒரே படிகளில் இறங்கின எனக் கொள்ளுதற்கில்லை. இறங்கிய திசை ஒன்று.

இனி, மில்ற்றனின் ஆயனைத் தமிழில் எவ்வாறு கூறுவது? ‘அறியாத ஆயன்’ என எழுதின் இடர் தீராது. தமிழ்ப் பெயரெச்சம் செய்பவனையும் செய்யப்படு பொருளையும் ஒருங்கே தழுவும். அறியாத பிள்ளை என்றால் பிள்ளைக்கு அறிவில்லை. அறியாத ஊர் என்றால் ஊரைப் பிறர் அறியார். ஆகவே ‘அறியாத ஆயன்’ என்பதைப் பேதை ஆயன் என மாணவன் கொள்ளுதல் கூடும். ஆங்கிலத்தில் நூற்றாண்டுகளாக நடந்த மயக்கம் தமிழில் ஒரு நொடியில் நடந்துவிடும். ‘உலகறியா ஆயன்’ எனின் யாருக்கு என்னும் வினாவிற்கு விடை சொல்லினுள்ளேயே வந்துவிடுகின்றது. அவ்வாறே மோலோக்கிற்கு ‘முன்னறியா நோவு’ எனவும், புத்துலகத்தைத் தேடிய வழிக்கு ‘எவரும் சென்றறியா வழி’ எனவும் கூறலாம். ஆதாமின் வாயில் வரும் இடத்திற்கு ‘இனந்தெரியாத கனவு’ என்பது ஒருவாறு பொருந்தும். அச்சொல்லில் அச்சமும் சிறிது உண்டு. கிரேயின் கல்லறைப் பாக்களுக்கு இவற்றுள் ஒன்றும் ஆகாது. அங்குத் ‘திருந்தாப் பா’ என்பதே தக்கது.